அடியில் இருக்கும் முகம்

"இந்த வாட்டியும் என் மூஞ்சி மேல பெயிண்ட் பூசிட்டீங்களா?"

கம்ப்யூட்டர் வகுப்புக்காக விவேக் நகரில் நான் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா, பக்கத்திலிருந்த தன் ஓவியக் கணவரிடம் கேட்டார். போர்வை சுற்றிய பெரிய ஓவியம் ஒன்று இருவர் மடியிலும் கிடந்தது. கண்காட்சிக்குப் போவதாகக் கண்டக்டரிடம் சொல்லியிருந்தார்கள்.

"உனக்குத் தெரியாதா ஸ்டெல்லா? முதல்ல உன்னை வரைஞ்சாதான் எனக்குக் கை ஓடும். அப்புறம் கலர் மூடிடுது."

"போன கண்காட்சில ஒருத்தரு, 'இன்னாம்மா, வெறும் கலரா இருக்குதே'ன்னாரு. அடியில நான் இருக்கேன் சார்னு சொன்னேன். சிரிச்சாரு."

மூன்று நிறுத்தங்கள் கழித்து ஓவியர் சொன்னார்: "இதுல நீ இல்ல."

"இல்லன்னா?"

"கோடே போடல. நேரா கலர்லயே ஆரம்பிச்சேன். இருபது வருஷத்துல இதான் முதல் தடவை. நல்லா வந்திருக்கு."

அந்த அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டார்.

"அப்ப எதுக்கு நாலு நாளா என்னை ஆடாம அசையாம எதிர்ல உக்கார வெச்சீங்க?"

"நடுவுல நீ எழுந்து போனப்போ, படத்துல எங்க கை வைக்கறதுன்னே தெரியல."

சிவாஜிநகர் வந்தது. ஓவியத்தின் ஒரு முனையை அந்த அம்மாதான் முதலில் தூக்கினார்.

"என்னை வரையாத ஆளு முன்னாடி நான் ஏன் ஆடாம இருக்கணும்? அடுத்த வாட்டி அவரைக்காய் உரிச்சிக்கிட்டேதான் உக்காருவேன்."