ஐம்பத்திரண்டு மீட்டர் வயர்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தலைக்கு மேலே மூலையில் இருக்கிற காமிராவுக்கு வயர் இழுத்தவன் வேலை தெரியாதவன். ஃபேனுக்குப் போகிற கரண்டு வயரோடு சேர்த்து ஒரே பைப்பில் விட்டிருக்கிறான். படம் நின்று நின்றுதான் வரும். நீங்கள் காமிரா சரியில்லை என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் சொல்வது பதிவாக வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன். ஒரு பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

பத்தொன்பது வருஷமாக வீடுகளுக்குக் காமிரா மாட்டுகிறேன். இந்தத் தொழிலில் மனிதர்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம், தெரிந்துகொண்ட எதுவும் சந்தோஷப்படும்படி இருக்காது. காமிராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பளபளப்பாக இருக்கிறதா, வெள்ளையா கறுப்பா, பக்கத்து வீட்டில் இருப்பதைவிடப் பெரியதா. வயர் என்றதும் கொட்டாவி வந்துவிடும். "அதெல்லாம் நீங்களே பாத்து ஏதாவது போடுங்க" என்பார்கள். சுவருக்குள் போகிறதல்லவா, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

வாத்தியார் அப்படிப்பட்டவர் இல்லை. அதைவிட மோசம். வயரைப் பற்றிப் படித்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் வேறு ஊரில். வீட்டில் அவரும் அவருடைய அக்காவும்தான். அக்காவுக்கு ஞாபகம் போய்விட்டது. பின்பக்கம் ஒரு கேட் இருக்கிறது, அதைத் திறந்தால் சின்னச் சந்து, சந்து முடிகிற இடத்தில் பெரிய ரோடு. அக்கா நினைத்த நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் வேலை பார்த்த அலுவலகத்தை இடித்தே பத்து வருஷமாகிறதாம்.

ஒரு பூட்டைப் போட்டால் முடிந்தது என்று நான் சொன்னேன். "பூட்டிப் பாத்தாச்சு. கேட்டத் தட்டித் தட்டிக் கையெல்லாம் புண்ணாக்கிக்கிட்டாங்க. பூட்டினா அது ஜெயிலு. அவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்று என்னிடமே கேட்டார். ஆகவே அந்தக் கேட்டில் ஒரு காமிரா வேண்டும். அக்கா கேட்டைத் தாண்டினால் வாத்தியாருடைய ஃபோனில் மணியடிக்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவர், சும்மா சும்மா பின்பக்கம் நடக்க முடியாது. மணி அடித்தால் போதும், எப்படியாவது போய்ப் பிடித்துவிடுவேன் என்றார். வீட்டைச் சுற்றி மொத்தம் எட்டுக் காமிரா கேட்டார், ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

நான் சுத்தச் செம்பு வயர் எழுதிக்கொடுத்தேன். அவர் உள்ளே போய் ஒரு ரோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு பூசிய வயர். மருமகன் எப்போதோ வாங்கிவைத்துவிட்டுப் போனதாம். மருமகன் பல் டாக்டர். இந்தக் குப்பையை நான் தொடமாட்டேன் என்று மரியாதையான வார்த்தைகளில் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நோட்டை எடுத்தார்.

"பெட்டியிலேருந்து கேட் வரைக்கும் அம்பத்திரெண்டு மீட்டர். காமிராவுக்கு ஆறு வாட். வழியில வீணாப் போறது கால் வாட்டுக்கும் கம்மி. நீங்களே பாருங்க தம்பி."

பத்தொன்பது வருஷம் சுவரைத் துளைத்தவனிடம் நோட்டை நீட்டுகிறார். அதில் அடிக்கோடு வேறு, ஸ்கேல் வைத்துப் போட்டது. நான் பார்க்கவில்லை. தூரத்துக் காமிரா கட்டாயம் நின்றுபோகும், அப்போது என்னைத்தான் கூப்பிடுவீர்கள் என்றேன். "நின்னா நானே ஒத்துக்கறேன்" என்று சிரித்தார். பெட்டி விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்டார். காமிரா வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற பெட்டி அது. அதில் எட்டுத் துளை, ஒரு துளைக்கு ஒரு காமிரா, படம் வருகிற அதே வயரில் காமிராவுக்குக் கரண்டும் போகும். நான் சொன்னது நல்ல ரகம். எங்கே இருந்தாலும் ஃபோனிலேயே எந்தத் துளையையும் மூடலாம், திறக்கலாம்; மூடினால் அந்தக் காமிரா நின்றுவிடும். பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று முறைப்படி சொன்னேன். "உங்ககிட்டயே இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்றார். யாரும் மாற்றுவதில்லை.

வேலை இரண்டு நாள். அக்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, "தம்பி, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். குடித்தேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். கேட் காமிராவைச் சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது, அவரையே நிற்கவைத்து, "மேல பாருங்கம்மா, சிரிங்க" என்றேன். அதிலிருந்து கேட் பக்கம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். அது மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை.

காமிரா நிற்கவில்லை.

நான் ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். கொளுத்துகிற வெயில், நடுவில் ஒரு பெரிய மழை, எதற்கும் அசையவில்லை. மற்ற வீடுகளில் நான் போட்ட சுத்தச் செம்பில்கூட ஒன்றிரண்டு தொல்லை வந்தது. இங்கே ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் வாத்தியார் ஃபோன் செய்தார். வயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உங்க வேலை சுத்தம் தம்பி, நிம்மதியா இருக்கேன்" என்றார். குத்திக்காட்டியிருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் அந்தப் பந்தயத்தையே மறந்துபோயிருந்தார்.

நீங்கள் உங்கள் வேலையில் என்ன செய்வீர்களோ தெரியாது. என் தொழிலில் ஒரு தவறான பாடத்தை ஒருவர் மனதில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. இன்று இவர், நாளை இவர் சொல்லி இன்னும் நாலு பேர் குப்பை வயரோடு வந்து நிற்பார்கள். அவருடைய நல்லதுக்காகத்தான் கேட் காமிராவின் எட்டாவது துளையைத் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மூடி, இரண்டு இருபதுக்குத் திறக்கும்படி வைத்தேன். வெயில் நேரத்தில் வயர் சூடாகிக் காமிரா நிற்பது போல இருக்கும். இருபதே நிமிஷம்.

கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். நாலாம் நாள் கூப்பிட்டார். வெயிலுக்கு அந்த வயர் தாங்காது என்று அப்போதே சொன்னேனே என்றேன். ஒத்துக்கொண்டு புது வயர் போடச் சொல்வார் என்று பார்த்தால், மறுநாள் காலை நோட்டோடு கடைக்கு வந்து நிற்கிறார். வெயிலில் கம்பியின் தடை பத்து சதவீதம்தான் கூடுமாம், அதற்கெல்லாம் நிற்காதாம். "அதுவும் சரியா ரெண்டு மணிக்கு நிக்குது, ரெண்டு இருவதுக்கு வருது. வயர் கடியாரம் பாக்குமா தம்பி?" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. விடுகதை போட்ட சந்தோஷத்தில் கேட்டார். பெட்டியைக் கொஞ்சம் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு கடிகாரத்தை நம்பவில்லை, கையாலேயே மூடினேன். சாப்பிட உட்காரும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, நினைவு வந்தபோது. ஒரு நாள் ஐந்து நிமிஷம், ஒரு நாள் அரை மணி. அவர் என்ன செய்தார் தெரியுமா? காமிரா நின்றுபோனது ஃபோனில் தெரிந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அந்த முழங்காலோடு, கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். நான் திறக்கும்போதெல்லாம் அந்தக் காட்சிதான். தலையில் துண்டு, மடியில் நோட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் தரையில் அக்கா. ஒரு மனிதர் வெயிலில் காய்வாரே தவிர, தான் போட்ட கணக்குத் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். படித்தவர்களின் திமிர் இதுதான். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

அந்த நாளுக்கு வருகிறேன். காலை பதினொன்று பத்து. கடையில் இருந்தேன், வேலை ஒன்றும் இல்லை. மூடலாம் என்று ஃபோனை எடுத்தேன். மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை படத்தைப் பார்ப்பது வழக்கம். அக்கா கேட்டில் நின்றிருந்தார். தோளில் கைப்பை, ஒரு காலில் மட்டும் செருப்பு. தாழ்ப்பாள் இறுக்கமானது, அவருக்கு அதைத் திறக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். வாத்தியார் நாற்காலியோடு வந்துவிடுவார் என்று நம்பியதாக உங்களிடம் சொல்லலாம். அப்படி எதுவும் நினைக்கவில்லை. இன்றைக்குக் கட்டாயம் என்னைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன்.

தாழ்ப்பாள் விலகியது. அக்கா நிமிர்ந்து காமிராவைப் பார்த்துச் சிரித்தார். நான் மூடினேன்.

வாத்தியார் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். ஃபோனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார், மணி அடித்தால் அப்படியே ஓடிவரலாம் என்று. அது எனக்குத் தெரியாது, பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும். பதினாலு நிமிஷம் கழித்துத் திறந்தேன். கேட் திறந்து கிடந்தது. லாரியின் பிரேக் நன்றாகவே பிடித்ததாகச் சொன்னார்கள். தூரம்தான் போதவில்லை.

துக்கத்துக்குப் போயிருந்தேன். போகாமல் இருப்பது முறையில்லை. அத்தனை பேருக்கு நடுவில் வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும் தம்பி. என் அக்காவ நானே கொன்னுட்டேன். ஒரு கணக்க நம்பி." நான் அவர் கையை விலக்கவில்லை. மனசை விட்டுடாதீங்க சார், எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்றேன். ஒத்துக்கொண்டாரே, அதற்கு மேல் அவரைக் குத்திப் பேசுகிற ஆள் இல்லை நான்.

அடுத்த வாரம் புது வயர் போடச் சொன்னார். அந்தக் கேட்டில் இனி யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்கவில்லை. சுத்தச் செம்பு போட்டேன், கூலி வாங்கவில்லை. எட்டாவது துளையை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

பெட்டிக்குள் ஒரு பதிவு இருக்கிறது. எந்தத் துளையை, எந்த ஃபோனிலிருந்து, எத்தனை மணிக்கு மூடினார்கள் என்று தானே எழுதிவைத்துக்கொள்ளும். நல்ல ரகம் என்று சொன்னேனே. அதை அழிக்க எனக்குத் தெரியும், அரை நிமிஷ வேலை. அழிக்கவில்லை. பதிவை அழிப்பது ஈனத் தொழில். மூன்று மாதம் கழித்து வாத்தியார் பெட்டியோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். பதிவை எடுத்துத் தன் நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கிறார். இரண்டையும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "அப்ப வயர் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு பதிவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அங்கிருந்து நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து உருவிய அந்தப் பழைய வயரைக் கருவியில் வைத்துப் பார்த்தேன், ஒரு குறை இல்லை. தூக்கிப்போட மனசு வரவில்லை. என் அம்மாவுக்கும் வயசாகிவிட்டது, அவர் அறை வாசலில் ஒரு காமிரா தேவைப்பட்டது, அதற்குப் போட்டேன். மூன்று மாதமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனாலும் அந்த வயரை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.