எரியாத கட்டை

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். காஜா பெராங் பகுதி விறகுக்கடையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். எஸ்டேட்டில் சாய்த்த பழைய ரப்பர் மரங்கள் வந்து இறங்கியிருந்தன. மூத்தவள் ஒவ்வொரு கட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வரிசை நகரவே இல்லை.

"பால்மரம் அடுப்புக்கு ஆவுமாக்கா?" என்றாள் இளையவள்.

"காஞ்சிருந்தா நல்லாவே எரியும், தங்கச்சி. ஆனா இந்தக் கட்டை எரியாது."

"இதுவும் காஞ்சதுதானே?"

"பட்டையப் பாரு, முண்டும் முடிச்சுமா இருக்கு. பால் வெட்டுறப்ப கத்தி ஆழமா எறங்குனா இப்படித்தான் புடைச்சிக்கும். எங்க வீட்டுக்காரரு கை அப்படி. தெனமும் கங்காணிகிட்ட ஏச்சு வாங்குவாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"சண்டையப்ப ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனான். இன்னும் வரல."

"ஆழமா வெட்டுறவங்க எல்லா எஸ்டேட்லயும் இருப்பாங்கக்கா."

"இருப்பாங்க."

எத்தனை கட்டு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

"கட்டு வேணாம். இது ஒண்ணு போதும்."

"அப்ப சோறு எப்படிக்கா ஆக்குவீங்க?"

மூத்தவள் கட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நேத்து சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."