சீட்டில் இல்லாத மருந்து

— நான் எழுதாத ஆன்டிபயாடிக்கை நீ எப்படிக் குடுத்தே? அதைச் சொல்லு லோகேஸ்வரா.

— வந்து கேட்டாங்க, குடுத்தேன் டாக்டர். மெடிக்கல் ஷாப் வெச்சுக்கினு இல்லன்னா சொல்ல முடியும்?

— போன வருஷம் வரைக்கும் எஸ்.டி.டி. பூத் நடத்திண்டிருந்தவன் நீ. எவனோ பார்மசிஸ்டோட சர்ட்டிபிகேட்டை வாடகைக்கு வாங்கி மாட்டிண்டு இன்னிக்கு வைத்தியம் பாக்கறே. அந்தக் கிரேஸ் பொண்ணு ஆன்டிபயாடிக் சர்வேக்காக என் கிளினிக் வாசல்லயே நிக்கறா. என் சீட்டுல அந்த மருந்து இல்லை. வந்தவா வீட்டுல போய்க் கேட்டா, எல்லாரும் அதைத்தான் முழுங்கியிருக்கா. அத்தனையும் நான் குடுத்ததாத்தான் அவ கணக்கு. சின்ன காஞ்சிபுரத்துலயே மோசமான டாக்டர் இந்தக் கிருஷ்ணஸ்வாமின்னு ரிப்போர்ட் வரப்போறது.

— சளி ஜுரம்னு வந்தா, வெந்நீ குடி, தானா போயிடும்னு அனுப்பிடுறீங்க. நெசவுக்காரனுக்கு முகூர்த்தப் பொடவை தறியில நிக்குது, நாளைக்கே உக்காரணும். உங்க சீட்டை மடிச்சு ஜோபில வெச்சுக்கினு, ‘ரெண்டு கேப்சூல் வெட்டிக் குடுப்பா’ன்றான்.

— நீயும் ரெண்டே ரெண்டு வெட்டிக் குடுக்கறே. நாளைக்கு நெஜமாவே நிமோனியா வந்தா அவனுக்கு எந்த மருந்தும் கேக்காது. உனக்கெங்க அது தெரியப்போறது.

— எனக்குத் தெரியாதுதான். எல்லாம் தெரிஞ்ச உங்க சீட்டை ஒருத்தரும் மதிக்கலையே டாக்டர்.

— வாய் ரொம்ப நீள்றது. இன்னிக்கே டிரக் இன்ஸ்பெக்டருக்கு எழுதறேன். கடைக்கு சீல் விழட்டும்.

— வேணாம் டாக்டர். கட போச்சுன்னா என் புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்.

— கெஞ்சாதே. இந்த எழவு கேப்சூல் இல்லாமலே சரியாகும்ங்கறதுக்கு நானே சாட்சி. கருட சேவைக்கு முன்னாடி எனக்குத் தொண்டை கட்டிண்டு நல்ல ஜுரம். மிளகும் மஞ்சளும் போட்ட பால், அவ்வளவுதான். பெருமாள் முன்னாடி கோஷ்டியில பிரபந்தம் சேவிச்சேனே, என் குரல் எங்கயாவது பிசிறித்தா?

— இல்ல.

— உங்களுக்கெல்லாம் அந்தப் பொறுமையும் கிடையாது, புத்தியும் கிடையாது. சீட்டில்லாம வாங்கினவா பேரைச் சொல்லு. கம்ப்ளெயிண்டுல சேக்கறேன்.

— எழுதிக்குங்க. மொதப் பேரு உங்க வீட்டம்மா, வத்ஸலா மாமி. அந்தப் பால்ல எத்தினி கேப்சூல் பிரிச்சுக் கொட்டணும்னு என்னைத்தான் கேட்டுக்கினு போனாங்க.