பின்பக்கத்து மை

– முதல் தடவை என்னைப் பார்த்தப்போ என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா அத்தை? சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமான்னு கேக்கலை. "உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா"ன்னு கேட்டீங்க.

– கண்ணாடி போட்ட மருமக வேணாம்னு அப்போ ஒரு கிறுக்கு. அதை எதுக்கு இப்போ இழுக்குற? தாளை எடு அம்மாடி.

– மூணு மணிக்கு அவர் இருக்குற ஊருக்கு பஸ் அத்தை. பெட்டி கட்டி வாசல்ல வெச்சாச்சு. டிக்கெட்டும் எடுத்துட்டேன்.

– வரேன்னு அவன்கிட்ட சொல்லிட்டியா?

– சொல்லலை. திடுதிப்புன்னு போய் நின்னு உங்க பிள்ளை முகத்தைப் பார்க்கணும்.

– போ, யாரு வேணாம்னா? இந்த ஒரு பழைய போர்ச்சுகீசு உயிலைப் படிச்சு முடிச்சுக் கொடுத்துட்டுப் போ. ஆவணக் காப்பகத்துல இன்னைக்கே வேணும்னு கேக்குறாங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணியும் எனக்கு எல்லாம் புகையாத்தான் தெரியுது. அந்த பாஷை மண்டைக்குள்ள இருக்கு, என்னத்த செய்ய? எழுத்து கண்ணுக்குள்ள வரணுமே.

– இப்படித்தான் ஒவ்வொரு உயிலுக்கும் சொல்றீங்க. நானும் கிளிப்பிள்ளை மாதிரி எழுத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கேன். செத்தவர் யாருக்கு என்ன எழுதி வெச்சார்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?

– அர்த்தம் தெரிஞ்சா நீயா ஊகிச்சுப் படிப்ப. கண்ணுல பட்டதை மட்டும் சொல்லணும். இந்த வேலைக்கு அதான் முதல் பாடம்.

– சரி சரி. இதுவும் நம்ம அவசரக்கார குமாஸ்தா எழுதினதுதான். எழுதுகோலை எடுக்கவே இல்லை மனுஷன். எழுத்துக்கு எழுத்து சங்கிலி கோத்து வெச்சிருக்கார்.

– முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆளுக்கு எந்த பஸ்ஸைப் பிடிக்கணுமோ. படி.

– எஃப்... இல்ல, இது எஃப் மாதிரியே இருக்குற அந்தக் காலத்து நீட்டு எஸ். அப்புறம் கியூ, தலைக்கு மேல ஒரு கோடு.

– கோடு போட்டா சுருக்கி எழுதியிருக்கான்னு அர்த்தம். மேல போ.

– டி மாதிரி ஒண்ணு. வால் அந்தப் பக்கமா திரும்பியிருக்கு. அதுக்குப் பக்கத்துல...

– அதை விடு. அது பின்பக்கத்து மை, இந்தப் பக்கம் ஊறி வந்திருக்கு. மத்த எழுத்தைவிட வெளிறி இருக்கு பாரு.

– வெளிறி இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே அத்தை.

– எல்லாம் பழக்கம்தான். இத்தனை வருஷமா இதே தாளோட...

– இந்தத் தாள் காலையிலதான் வந்தது. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. எப்போ இருந்து தெரியுது?

– கண்ணுக் கட்டைப் பிரிச்ச அன்னையில இருந்தே.

– கட்டுப் பிரிச்சது மழைக்கு முன்னாடி! அன்னையில இருந்து குளியலறை வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். "அம்மாவுக்குக் கண்ணு தெரியட்டும், உடனே வந்துடுறேன்"னு போன்ல அவர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. அவரும் பாவம், "ஒண்ணும் அவசரமில்லை, அம்மாவைப் பார்த்துக்கோ"ங்கறார். துணைக்கு ஆள் வேணும்னா வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே. எதுக்கு இந்த நடிப்பு?

– எனக்காக நடிக்கலை அம்மாடி.

– போதும் அத்தை. வழியை விடுங்க, பஸ் போயிடும்.

– அங்க போகாத. சொன்னாக் கேளு.

– ஏன் போகக்கூடாது? என் புருஷன் இருக்குற வீடுதானே அது?

– அந்த வீட்டுல வேற ஒருத்தி இருக்கா. "கண்ணு இன்னும் சரியாகலைன்னே சொல்லிக்கிட்டு இரும்மா, அவ அங்கயே இருக்கட்டும்"னு சொல்லிக் கொடுத்ததே அவன்தான். உண்மை தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவன்னு நினைச்சேன். எனக்கும் உன்னை விட்டா யாரு இருக்கா? திட்டு. ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்.

– ...

– செருப்பைப் போட்டுட்ட, பெட்டியைத் தூக்கிட்ட. டிக்கெட்டை இந்த உயில் மேல வெச்சுட்டு நீ எங்கம்மா போற?