நாற்காலியின் அடுத்த அளவு

"ஹலோ… ஹலோ… ஆமா, ஹில்டாதான்… ஆமா, நாற்காலி ஃபைல் போட்ட அதே ஹில்டாதான். சொல்லுங்க…"

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து, சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அப்பாடா என்று கட்டிலில் காலை நீட்டிய நேரம். இப்படிப்பட்ட நேரமாகப் பார்த்துத்தான் ஊர் பேர் தெரியாத நம்பர்களுக்கெல்லாம் அஸ்தினாபுரத்து ஹில்டாவின் ஞாபகம் வரும்.

அவள் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் சமையலறை அலமாரி வரைகிறவள். கம்ப்யூட்டரில் அவள் கோடு போட்டுக் கொடுத்தால், மிஷின் அந்தக் கோட்டின் மேலேயே போய்ப் பலகையை வெட்டும். அந்த வித்தையை வைத்துத்தான், தானாக உட்கார முடியாத தன் மகள் ஜெனிக்கு ஒரு நாற்காலி வரைந்தாள். ஆணி கிடையாது, திருகு கிடையாது. பிளைவுட் துண்டுகள் ஒன்றில் ஒன்று சொருகி நிற்கும். நன்றாக அமைந்துவிட்டதே, நாலு பேருக்கு உதவட்டும் என்று, இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஃபைலைச் சும்மாவே போட்டாள். ஃபைலைப் போட்டதில் தப்பில்லை. கீழே தன் நம்பரையும் போட்டாளே, அதுதான் வினை.

"யாரு… மாரியா? எந்த மாரி… கேளம்பாக்கம். சரி… சி.என்.சி. மிஷின்ல பலகை வெட்டற கடையா. சரி, சரி… ஆமா… ஆமா, யார் வேணா வெட்டிக்கலாம். பர்மிஷன்லாம் ஒண்ணும் வேணாம் அண்ணா. மிக்கி மவுஸ் காது வெச்சுத் தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க… இல்ல, போன வாரம் ஒருத்தங்க கேட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தர் அதையே சாமி ஸ்டாண்டா மாத்தித் தர முடியுமான்னார். அதான் முன்னாடியே சொல்லிடறேன்…"

"அக்கா வேணாம் அண்ணா, ஹில்டான்னே சொல்லுங்க… சரி, அக்கான்னே சொல்லுங்க. நான் உங்களை அண்ணாங்கறேன், நீங்க என்னை அக்காங்கறீங்க. ரெண்டு பேர்ல யாரு பெரியவங்கன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்… ம், சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தாள். மாரி என்ன சொல்கிறார் என்பது நமக்குக் கேட்காது. ஆனால் அடுத்த நிமிஷமே ஹில்டாவின் கண் திறந்துகொண்டது நமக்குத் தெரியும்.

"வெட்டிட்டீங்களா? அப்புறம் என்ன… ஆடுதா? எது ஆடுது… எல்லாமே ஆடுதா! ஆடவே கூடாதே அண்ணா. ரப்பர் சுத்தியல் வெச்சுத் தட்டித்தான் இறக்கணும், அவ்ளோ டைட்டா இருக்கும்… கையால வெச்சாலே உள்ள போயிடுதா… போய், வெளியவும் வந்துடுதா…"

"என்ன பிளை போட்டீங்க… பன்னெண்டு எம்.எம்… கரெக்ட்டு… ஆமா… ஆமா, அதேதான் நானும் சொல்லியிருந்தேன். அப்ப ஏன்… ஒரு நிமிஷம். ஃபைல்ல எதையாவது மாத்துனீங்களா? சும்மா சொல்லுங்க, திட்ட மாட்டேன்… கொஞ்சம் பெருசு பண்ணீங்க. எவ்ளோ கொஞ்சம்… நாப்பது பர்சன்டா!"

ஹில்டா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத் தூக்கம் என்கிற ஆசையெல்லாம் அத்தோடு போயிற்று.

"படத்தோட மூலையைப் புடிச்சு இழுத்துட்டீங்க, அதானே… நாற்காலி பெருசாச்சு, நல்லது. கூடவே அந்தச் சொருகற ஸ்லாட்டும் பெருசாச்சு. இழுத்தா எல்லாம் சேந்துதானே இழுபடும். பிளைவுட்டோட கனம் கூடுமா? அது அதே பன்னெண்டுதானே அண்ணா… ஆமா… இப்ப உங்க ஸ்லாட்டு கிட்டத்தட்ட பதினேழு இருக்கும். அப்புறம் ஆடாம என்ன பண்ணும்?"

இது மிஷின் வைத்திருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. உளி பிடிக்கிறவருக்கு இது வரவே வராது. அவர் பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வெட்டுவார். திரையில் மட்டும்தான் எதை வேண்டுமானாலும் இழுத்துப் பெரிதாக்கிவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம். ஹில்டாவும் புதிதில் ஒரு வீட்டுச் சமையலறையையே இப்படிக் கெடுத்தவள்தான். அதனால் நிஜமாகவே அவள் திட்டவில்லை.

"வேணாம், ஃபெவிகால் வேணாம்… ஆணியும் வேணாம்… எல் ஆங்கிள் தகடும் வேணாம். அண்ணா, சொல்றதைக் கேளுங்க. இந்தப் பிள்ளைங்க நல்லாத்தான் உக்காந்திருப்பாங்க. திடீர்னு உடம்பு விறைச்சு பின்னாடி ஒரு தள்ளு தள்ளுவாங்க. அதுக்கு ஆணியெல்லாம் நிக்காது. நாற்காலி பிரிஞ்சு, பிள்ளையோட கீழ போயிடும்… எனக்குத் தெரியும்… எப்படின்னா, தெரியும். விடுங்க."

"யாருக்கு வெட்டறீங்க… ஹர்ஷா. எத்தனை வயசு… பத்தா. சரி, பதறாதீங்க. ஒரு வாரம் டைம் குடுங்க, பாக்கலாம்… ஏன்… நாளைக்கேவா? நாளைக்கு எப்படி… ஸ்கூலா?"

"ம்… ம்… ஹெட்மிஸ்ஸே சொன்னாங்களா? மத்த பிள்ளைங்களோட க்ளாஸ்ல உக்காந்தா சேத்துக்கறேன்னு… உக்காரலைன்னா… ம். நாளைக்கே கூட்டிட்டு வந்து காமிக்கணுமா… நாளைக்கு விட்டா அடுத்த வருஷம்தானா. அடப்பாவமே."

தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டாள். இந்த ஹெட்மிஸ்ஸையும் அவளுக்குத் தெரியும். இதே முகம், வேறு வேறு பள்ளிக்கூடம். 'பையனை உட்கார வையுங்க, பார்க்கலாம்' என்று அவர்கள் சொல்வது கெட்ட எண்ணத்தில் இல்லை. உட்கார வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

"பெரிய சைஸா? இல்ல அண்ணா… இல்ல, அந்த ஒரு சைஸ்தான். சின்னதுதான்… எங்கயாவது இருக்கும்னா எங்க இருக்கும்? நான்தானே வரைஞ்சேன், எனக்குத் தெரியாதா… வரையல… ஏன்னா? வரையலைன்னா வரையல! அதுக்கு என்ன காரணம் சொல்லணும் உங்களுக்கு?"

சுள்ளென்று எரிந்து விழுந்துவிட்டாள். விழுந்ததும் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"…ஹலோ. சாரி அண்ணா. காலையிலேருந்து ஒரே அலைச்சல்… பேஜாரா போச்சுங்கறீங்க, புரியுது. எனக்கும் பேஜாராத்தான் இருக்கு. இருங்க, யோசிக்கறேன்."

யோசிக்க ஒன்றுமில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், கணவன் ஆபேலுக்கும் தெரியும், இரண்டு பேரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஜெனிக்கு ஐந்து வயதில் வரைந்த நாற்காலி அது. கழுத்து நன்றாக நிற்கிறது, இன்னும் இரண்டு வருஷத்தில் தானாக உட்கார்ந்துவிடுவாள் என்று தாம்பரத்தில் அவளுக்கு உடற்பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார். அதை அப்படியே நம்பி, கொஞ்ச நாளைக்குத்தானே என்று வரைந்தது. நாள் போனது. ஜெனி வளர்ந்தாள், கால் நீண்டது, நாற்காலி பற்றவில்லை. உட்காருவது மட்டும் வரவில்லை. நாற்காலி இப்போது பரணில், கிறிஸ்துமஸ் ஸ்டாரோடு கிடக்கிறது. அடுத்த அளவை வரைய எத்தனையோ முறை ஃபைலைத் திறந்திருக்கிறாள் ஹில்டா. ஒரு எண்ணை மாற்றுவாள், சேவ் பண்ணாமல் மூடிவிடுவாள். இவள் இனி தானாக உட்காரப் போவதில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது போல இருந்தது அவளுக்கு. ஊரார் வீட்டு அலமாரியெல்லாம் ஒரு நாளில் வரைகிறவளுக்கு இந்த ஒரு நாற்காலி மட்டும் வரைய வரவில்லை.

"என்ன… என் பொண்ணா? ஆமா, ஃபைலோட போட்ட ஃபோட்டோல இருக்கறது அவதான். அது பழைய ஃபோட்டோ… இப்ப பத்து நடக்குது… ஆமா, உங்க ஹர்ஷா வயசுதான்… இப்ப எதுல உக்கார்றாளா?"

ஹில்டா எழுந்து ஹாலுக்கு வந்தாள். அங்கே சோபாவின் ஓரத்தில் ஆபேல் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் பாதியும் தலையணையில் பாதியுமாக ஜெனி சாய்ந்திருந்தாள். டி.வி.யில் ஏதோ பொம்மைப் படம்.

"…தலகாணி வெச்சு… அவ அப்பா மடியில… ஆமா. அவருக்கும் இப்ப முதுகு போச்சு… ஆமா அண்ணா, கஷ்டம்தான்… அங்க யாரு அழறது? அந்தப் பையனோட அம்மாவா… ரோஸியா. பையனும் அங்கதான் இருக்கானா, ஆட்டோல? ஃபோனை அவங்ககிட்ட குடுங்க… வேணாம், வேணாம், குடுத்துடாதீங்க! குடுத்தா நானும் சேந்து அழுவேன், வேலை நடக்காது. டேப் இருக்கா? எடுங்க." ஆபேல் பக்கம் திரும்பினாள். "என்னங்க, அந்த லேப்டாப்பை இப்படிக் குடுங்க… இல்ல, ஆபீஸ் வேலை இல்ல."

"அண்ணா, பையனை ரோஸி மடியில உக்கார வைங்க. நல்லா நிமித்தி… ரோஸி பின்னாடி சாயக் கூடாது. பையனோட பின்பக்கத்துலேருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும்… எவ்ளோ… ம். அதுல ரெண்டு விரல் கழிக்கணும், இல்லைன்னா மடிப்புல பலகை அறுக்கும். நான் கழிச்சுக்கறேன். இடுப்பு அகலம்… டயப்பரோட சேத்தா அளந்தீங்க? கழட்டாதீங்க, கழட்டாதீங்க. அதோடவே அளங்க. ஸ்கூலுக்கு அதோடதானே போவான்… ம். அக்குள் உயரம்… டேப்பைத் தொங்க விடாதீங்க, இழுத்துப் புடிங்க… ம்."

"இப்ப முழங்கால்லேருந்து குதிகால். ஷூ போட்டு அளக்கணும். ஸ்கூல் ஷூ எந்த… வாங்கியாச்சா? இப்பவே போட்டிருக்கானா…"

ஹில்டா டைப் அடிக்கிற கையை நிறுத்திவிட்டாள். சேர்ப்பார்களா மாட்டார்களா என்று தெரியாத பள்ளிக்கூடத்துக்கு, அதற்குள் ஷூ வாங்கி, காலிலும் மாட்டிவிட்டிருக்கிறாள் அந்த ரோஸி. மனசை என்னவோ செய்தது. இப்படி முன்கூட்டியே எதையாவது வாங்கி வைத்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"…இருக்கேன், இருக்கேன், சொல்லுங்க… ம். போட்டுக்கிட்டேன். ஸ்லாட்டைத் தொட மாட்டேன், அது பன்னெண்டாவே இருக்கும். மத்ததுதான் பெருசாகுது… பேரா? ஹர்ஷான்னு வெட்டணுமா. எங்க… முதுகுலயா? வேணாம் அண்ணா, அங்கதான் அவன் தள்ளுவான். அங்க ஓட்டை போட்டா பலகை வீக்காயிடும். கை வைக்கற பக்கம் போடறேன். உக்காந்தா அவன் கண்ணுக்கும் தெரியும்… ஆமா… ஆமா, ரோஸிகிட்ட சொல்லுங்க, அங்கதான் அழகா இருக்கும்னு."

"அனுப்பிட்டேன். வந்துச்சா… இன்னும் சுத்துதா… இப்ப? சரி. ஒரேயடியா வெட்டிடாதீங்க. முதல்ல சின்னதா ரெண்டு துண்டு வெட்டி சொருகிப் பாருங்க. கடையில பன்னெண்டும்பான், அளந்தா பன்னெண்டு இருக்காது. நான் லைன்லயே இருக்கேன்."

ஃபோனுக்குள் மிஷின் இரைய ஆரம்பித்தது. அந்த இரைச்சலைக் காதில் வைத்துக்கொண்டே ஹில்டா திரையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் திறந்து திறந்து மூடிய அதே ஃபைல். யாரோ ஒரு பிள்ளைக்கென்றதும், கை தயங்காமல் வரைந்துவிட்டது. கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"என்னங்க… தையல் மிஷின் ட்ராயர்ல டேப் இருக்கும், எடுங்க… ஜெனியை மடியில நல்லா நிமித்தி உக்கார வைங்க… ஏன்னு கேக்காதீங்க. ப்ளீஸ்."

ஜெனியைத் தலையணையில் சாய்த்துவிட்டு ஆபேல் டேப்பை எடுத்து வந்தான். அவள் முகத்தையும் லேப்டாப்பையும் ஒரு முறை பார்த்தான், அவ்வளவுதான். மகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். முழங்கால் மடிப்பில் டேப் பட்டதும் ஜெனிக்குக் கூச்சம், கிளுகிளுவென்று சிரித்தாள். "கால் எவ்ளோ நீளம்டி உனக்கு!" என்று ஹில்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எண்களைப் போட்டாள். இந்த முறை சேவ் பண்ணினாள்.

"ஹலோ… ஆங், சொல்லுங்க… நின்னுடுச்சா? ஆட்டிப் பாருங்க… தட்டித்தான் இறங்குச்சா? அப்பாடா… ஆமா… ஆமா, இனிமே முழுசா வெட்டலாம். ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுடுங்க, இல்லைன்னா பையனுக்குச் சிராய் ஏறும்… ரோஸியை அழ வேணாம்னு சொல்லுங்க. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க. பண்ணியே ஆகணும்."

"அண்ணா… அண்ணா, வெச்சுடாதீங்க. இன்னொரு ஃபைல் வருது, பாருங்க… அதே நாற்காலிதான், அளவு வேற… இல்ல, ஹர்ஷாவுக்கு இல்ல. அவனுதை முதல்ல முடிங்க. இது அப்புறம், உங்களுக்கு எப்ப ஒழியுதோ அப்ப… ஆமா. ஆமா, அவளுக்குத்தான்… பேர் போடுங்க. ஜெனி. அதே மாதிரி கைப்பக்கத்துல."

"என்ன… கொஞ்சம் பெருசா வெட்டவா? வளர்ற பொண்ணுன்னா…"

"…வேணாம் அண்ணா. இன்னைக்கு இருக்கற அளவுக்கே வெட்டுங்க. வளந்தா… வளந்தா அடுத்ததை நான் வரைஞ்சு தரேன்… ஆமா… ஆமா, வரைவேன். வெச்சுடறேன்."