மகாராஜாவின் ஊரடங்கு

தேநீரில் சீனி கூடிப்போயிருந்தால் சொல்லுங்கள், விதானையார், வேறு ஊற்றித் தருகிறேன். தனி ஆளாக இருக்கிறவனுக்குச் சீனியின் அளவு பிடிபடுவதில்லை. தனக்கு இனித்தால் எல்லாருக்கும் இனிக்கும் என்று நினைத்துவிடுகிறான். அந்தக் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்க வந்ததை நான் ஒளிக்கப் போவதில்லை.

நீங்கள் இந்தப் பகுதிக்குக் கிராம சேவகராக மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் என்பதால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞானசேகரம் என்றால் ஒழுங்கையில் எவருக்கும் தெரியும். சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் கிளார்க் வேலை. காலையில் பஸ் ஏறினால் முதல் சென்றியில் ஆமிக்காரர் சோதனைக்கு இறங்கு என்பார்கள், இறங்குவேன். ஏறு என்பார்கள், ஏறுவேன். அடுத்த சென்றியிலும் அதே கதை. கந்தோருக்குப் போனால் அங்கே மனேச்சர் இரு என்பார். சண்டை தொடங்கிய நாளிலிருந்து மற்றவன் சொல்ல எழும்பி, மற்றவன் சொல்ல இருந்து பழகிய உடம்பு இது. கோபம் கீபம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித்தானே.

என் மைத்துனர் சிங்கப்பூர்க் கப்பலொன்றில் வேலை செய்கிறார். போன வருடம் வந்தபோது ஒரு கம்பியூட்டரும், அதற்குள் போடுகிற ஒரு விளையாட்டுத் தட்டும் கொண்டுவந்து தந்தார். கம்பியூட்டர் வந்ததும் மேசையில் இடமில்லாமல் டிவியைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த விளையாட்டில் நாங்கள் ஒரு தீவுக்கு ராஜா. துறைமுகம் எங்களுடையது, வயல் எங்களுடையது, சனமும் எங்களுடையது. ஒவ்வொரு குடிமகனின் தலைக்கு மேலும் ஒரு சின்ன முகம் தெரியும். சந்தோஷமென்றால் பச்சை, கோபமென்றால் சிவப்பு. மந்திரி ஒருவன் அடிக்கடி வந்து குனிந்து, மகாராஜா, என்ன கட்டளை என்று இங்கிலீசில் கேட்பான். முதல் நாள் அவன் அப்படிக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்.

அந்த விளையாட்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வரியைக் கூட்டினால் முகங்கள் சிவக்கும். ஆனால் கடலில் எதிரிக் கப்பலின் பாய் தெரிந்தால் எல்லா முகமும் உடனே பச்சையாகிவிடும். கோட்டைக் கதவைப் பூட்டிவிட்டால் ராஜா என்ன சொன்னாலும் கேட்பார்கள். இதை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமையடிக்கவில்லை.

இனி ஊரடங்கு விசயம். எங்கள் ஒழுங்கையின் கடற்கரை முனையில் கொங்கிரீட் கூரை போட்ட வீடு இது ஒன்றுதான். மற்றவை ஓடும் தகரமும். அதனால் எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் அக்கம்பக்கம் பாயும் தலையணையுமாக இங்கே வந்துவிடும். அது எங்கள் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்து ஊரடங்கு போட்டபோது பலர் முன்னமே தம்பலகாமத்துச் சொந்தக்காரரிடம் போய்விட்டிருந்தார்கள். மிஞ்சியவர்கள் நான்கு பேர்: பக்கத்து வீட்டுக் கனகம்மா அக்கா, அவருடைய மகள் இராசமலர், இளைப்பாறிய ரயில் கார்ட் பாக்கியரத்தினம் அண்ணை, எதிர்வீட்டு ஆமினா உம்மா.

இராசமலரின் விசயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்ததாக வரக்கூடாது. வியாழக்கிழமை காலை கல்விக் கந்தோரில் அவளுக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. வருடக்கணக்காகக் காத்திருந்து வந்த அழைப்பு. வயதெல்லை தாண்டுகிறதால் அதுதான் அவளுக்குக் கடைசி. வந்ததிலிருந்து அவள் வேறொன்றும் கேட்கவில்லை. "ஞானம் அண்ணை, ரேடியோ என்ன சொல்லுது? வியாழனுக்கு முதல் எடுத்திடுவாங்களோ?" என்பது மட்டும்தான். வீட்டில் இருந்த ஒரே ரேடியோ என்னுடையது.

முதல் நாள் ஒரே சச்சரவு. பாக்கியரத்தினம் அண்ணை கிணற்றடியை விட்டு வரமாட்டார். விசிறிக்குக் கீழே யார் படுப்பது என்று கனகம்மா அக்காவுக்கும் ஆமினா உம்மாவுக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. நான் நடுவே போய் இன்னார் இப்போது குளிக்க வேண்டும், இன்னார் இங்கே படுக்க வேண்டும் என்று சும்மா சொன்னேன். கனகம்மா அக்கா, "தம்பி சொன்னாச் சரி. அவர் சொல்றபடி நடப்பம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி நாலு பேர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். குசினிக்குள் ரேடியோவைக் காதோடு வைத்து நான் மட்டும்தான் கேட்டேன். சொல்லத்தான் வெளியே வந்தேன், விதானையார். பாக்கியரத்தினம் அண்ணை துவாயைத் தோளில் போட்டபடி தன் முறைக்காக வரிசையில் நின்றார். வரிசையில் வேறு எவரும் இல்லை. கனகம்மா அக்கா துருவலையில் இருந்தபடி, "தம்பி, இண்டைக்குச் சம்பல் உறைப்பாப் போடட்டோ, எப்பிடி?" என்று கேட்டார். இனி அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார், என்னிடம் கேட்காமலே சம்பல் போடுவார் என்று அப்போது தோன்றியது. "இன்னும் எடுக்கேல்லை" என்ற சொல் என் வாயிலிருந்து தானாக வந்தது. பிறகு ரேடியோவின் பற்றரிகளை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். அதுதான் நிர்வாகம். ஊரடங்கு எடுத்தால் முதலில் வருகிறவன் பாண்காரன் சின்னராசா. அன்றைக்கும் ஒழுங்கை வாசலில் அவனுடைய ஹோன் கேட்டுவிட்டது. "இது சின்னராசான்ர ஹோன் எல்லோ" என்றார் கனகம்மா அக்கா. "இல்லை அக்கா, இப்ப ஆமிக்காரர் சைகைக்கு அப்பிடித்தான் ஊதுறாங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடுகிற வழியில் முற்றத்து வேம்பில் ஒரு கொப்பை முறித்து வாசல் படலையில் கட்டினேன்.

வேப்பிலையைக் கண்டதும் சின்னராசா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளி நின்றான். "ஆருக்கு அண்ணை?" என்றான். வீட்டில் அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்புளம், சத்தம் கூடாது, இனி ஹோன் அடிக்காமல் பாணை மதிலில் வைத்துவிட்டுப் போ என்றேன். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இந்தப் படலையை எவரும் தாண்டவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே ஊரடங்கு, வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே அம்மாள். என் விளையாட்டில் இவ்வளவு நல்ல கோட்டை ஒருநாளும் எனக்கு அமைந்ததில்லை.

பாண் எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு ஆமிக்காரர் கொடுத்தது என்றேன். பாக்கியரத்தினம் அண்ணை சின்னராசாவின் பாணைப் பிய்த்துத் தின்றபடி, "ஆமிப் பாண் எண்டா ஆமிப் பாண்தான். எங்கட சின்னராசாவும் சுடுறானே, செங்கல்லு" என்றார். வேப்பிலையைக் கேட்டவர்களுக்கு நுளம்பு கடிக்காமலிருக்கக் கட்டியது என்றேன்.

இந்த முனைக்கு வாகனங்கள் அவ்வளவாக வருவதில்லை. ஆனாலும் ஊர்ச் சத்தம் காதில் விழக்கூடாது என்று, அறைக்குள் விளையாட்டைப் போட்டு, ஸ்பீக்கர்களை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். கம்பியூட்டர் அறைக்குள் தூசி போகக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடற்போர்க் கட்டம் வந்தால் பீரங்கி நன்றாகவே முழங்கும். வெற்றி பெற்றால் ஒரு குழல் ஊதும், அதைத்தான் நிறுத்தத் தெரியவில்லை. ஆமினா உம்மா காதைத் தீட்டிக்கொண்டு, "மகன், இதென்ன வெடி? வெடிச்சு முடியக் குழல் ஊதுதே" என்று கேட்டார். "நேவி பாண்ட், உம்மா" என்றேன். "இந்த நேரத்திலயும் பழகிறாங்களா, பாவங்கள்" என்றார்.

பதவிகளும் கொடுத்தேன். கனகம்மா அக்கா உணவு. ஆமினா உம்மா சுகாதாரம், அவரிடம் கோடாலித் தைலம் இருந்தது. பாக்கியரத்தினம் அண்ணையிடம் பழைய ரயில் விசில் இருந்ததால் பாதுகாப்பை அவரிடம் கொடுத்தேன். மனிதர் பத்து வயது குறைந்துபோனார். பின்வேலியால் வீட்டுக்குப் போய் அரிசி எடுத்துவர அனுமதி வேண்டுமென்றால் அவர் விசிலடிக்க வேண்டும். அவர்களை நான் கொடுமைப்படுத்தவில்லை. ஒருவருடைய முகமும் சிவக்கவில்லை. இராசமலருக்குக் கல்வி மந்திரிப் பதவி கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மந்திரி வேலை வேண்டாம் அண்ணை, ஸ்கூல் வேலைதான் வேணும்" என்றாள். அவளுடைய முகம் மட்டும் பச்சையாகவே இல்லை என்பதை அப்போதே கவனித்தேன். ஒரு ராஜா கவனிக்க வேண்டிய விசயம் அது.

வியாழன் காலை அவள் நீலச் சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஊரடங்கோ என்னவோ, நான் போறன். கையைத் தூக்கிக்கொண்டு சென்றிக்குப் போய்க் கேக்கிறன். சுட்டாச் சுடட்டும். வீட்டுக்குள்ள இருந்து கிழவியாகிறதைவிட அது நல்லது" என்றாள். தாய் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நான் ஏலாது என்று கட்டளையிட்டேன். பாக்கியரத்தினம் அண்ணை மூச்சுள்ளவரை விசிலடித்தார். அவள் தலையணை உறையொன்றை உயரப் பிடித்து, இரண்டு கையையும் தூக்கியபடி படலையைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அப்போது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ராஜா சொன்ன சொல்லை நடுவில் மாற்றினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

பிறகு நடந்ததை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். பெரிய தெருவில் பஸ் ஓடுகிறது, சனம் மீன் பேரம் பேசுகிறது, நடுவே இவள் வெள்ளைத் துணியும் தூக்கிய கையுமாகப் போயிருக்கிறாள். ஊரடங்கு இல்லாத நாளில் கையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்ணை எந்தச் சென்றிதான் சந்தேகப்படாது? "நங்கி, கை ஏன் மேல?" என்று சிங்களமும் தமிழுமாகக் கேட்டு மர வாங்கில் இருத்திவிட்டார்கள். ஊரடங்கு என்று அவள் சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. விட்டபோது பின்னேரம். நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டது.

அவள் திரும்பி வந்து முதல் வேலையாக வேப்பிலையைப் பிய்த்தெறிந்தாள். "அம்மா, வெளியில வாங்கோ. மாக்கெற்றில மீன் விக்குது" என்றாள். உள்ளே அந்த நேரம் பார்த்துக் குழல் ஊதியது. ஆமினா உம்மா அறைக் கதவைத் திறந்து, கம்பியூட்டரில் ஆடிக்கொண்டிருந்த கப்பல்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இராசமலர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தாப் போதும் அண்ணை. ஒரே ஒரு சொல்" என்றாள். எனக்கு நெஞ்சு வலித்தது, அதை மறைக்கவில்லை. விளையாட்டில் பிழை விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி தொடங்கலாம். இங்கே அந்த வசதியை வைக்காதது என் பிழை இல்லை.

மூதூரிலிருந்து லோஞ்ச் படகு வராததால் வரமுடியாமல் போனவர்களுக்காக நாளைக் காலை மறுபடி நேர்முகப் பரீட்சை வைக்கிறார்களாம். நீங்கள் நேரில் வந்து, இவள் வராததற்குக் காரணம் இவளில்லை என்று சொன்னால் இவளையும் சேர்ப்பார்களாம். அதற்காகத்தான் என் வாயால் கேட்க வந்திருக்கிறீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: ஊரடங்கு எடுத்தது எனக்குத் தெரியும். நான்தான் மறைத்தேன். படலையில் வேப்பிலை கட்டியது நான், பீரங்கி வெடித்தது நான், நேவி பாண்டும் நான்தான். இராசமலரின் வேலை என்னால்தான் போனது. நான் திருந்திவிட்டேன்.

இப்போது இந்த வீடு ஓவென்று கிடக்கிறது. கனகம்மா அக்கா வேலிக்கு மேலால்கூடப் பார்ப்பதில்லை. பாக்கியரத்தினம் அண்ணை மட்டும் நேற்று வந்தார். "இனி எப்ப ஊரடங்கு போடுவாங்கள், தம்பி?" என்று கேட்டார். விசிலும் கையோடு கொண்டுவந்திருந்தார். இன்றைக்கும் இங்கேதான் நிற்கிறார், நீங்கள் உள்ளே வந்தபின் படலையைச் சாத்தியவர் அவர்தான். அதில் பச்சையாக என்னவோ தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது நுளம்புக்கு.

என் தீவில் எல்லாம் இருந்தது, விதானையார். நீதி விசாரிக்க ஒருவர்தான் இல்லாமல் இருந்தார். அவசரப்பட்டு எழும்பாதீர்கள். நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குசினிக்குள் ரேடியோவில் சொன்னார்கள், மறுபடி ஊரடங்கு போட்டுவிட்டார்களாம். எப்போது எடுப்பார்களோ தெரியாது. எடுத்தவுடன் நானே சொல்கிறேன். வெளியே கேட்பது சின்னராசாவின் ஹோன் போலத்தான் இருக்கும். கனகம்மா அக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தார்.