தடக்குப்படாத பேச்சு

பாரிஸ் லா சப்பல் மெத்ரோ நிலையத்தில், எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த இளம்பெண் தன்னோடு இருந்த மூத்த பெண்ணிடம் சொன்னார்:

“பேச்சுப்போட்டியில பிள்ளை ஒரு இடத்திலயும் தடக்குப்படேல்லை அக்கா. அதுதான் எனக்குக் கவலை.”

அவர் புறநகரான சார்செலில் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறவர். மற்றவர், அப்படியான ஆசிரியைகளின் வகுப்புகளில் போய் இருந்து வழிகாட்டுகிறவர். இவ்வளவும் அவர்கள் பேச்சிலேயே விளங்கியது.

“பேச்சை நீர் எழுதிக் குடுத்தனீரோ? பிள்ளையளைச் சொந்தமாச் சொல்ல விடும் எண்டெல்லோ சொன்னனான்.”

“முதல் அப்பிடித்தான் விட்டனான் அக்கா. ‘நான் ஒரு பறவையானால்’ எண்டு தலைப்பு. ‘அம்மா விடிய கூட்டித் துடைக்கிற ஒபிசின்ர யன்னலில போய் இருப்பன். நான் எழும்பேக்கை அவ வீட்டில இல்லை’ எண்டு சொன்னாள்.”

“நல்லாத்தானே சொல்லியிருக்கிறாள்.”

“தாய் வாசலில நிண்டு கேட்டுட்டா. வகுப்பு முடிய வந்து என்ர கையைப் பிடிச்சு, ‘ரீச்சர், நீங்களே எழுதித் தாங்கோ, நான் பாடமாக்கி விடுறன்’ எண்டா. மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

மூத்தவர் கேட்டார்:

“என்னத்தை எழுதிக் குடுத்தனீர்?”

“பனைமரத்தில இருந்து பாடுவன் எண்டு. அவள் பனையைக் கண்டதே இல்லை. முதற்பரிசு குடுத்தவை.”

மெத்ரோ வந்தது. எழுந்து நடந்தபடி இளையவர் சொன்னார்:

“பரிசோட நேர என்னட்டைத்தான் ஓடி வந்தவள். ‘அம்மாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, சரிதானே ரீச்சர்?’ எண்டு காதுக்குள்ள கேட்டாள்.”